என் பேரில் நீ எழுதிய செய்திகள்

தம்பி,

இதை வேலை நேரத்தில் திறக்காதே. அறைக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு முடித்த பிறகு படி. நானே என் விரலால் தட்டி எழுதுகிறேன். ஓர் எழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் அடுத்து என்ன சொல்ல வந்தேன் என்பது மறந்துபோகிறது. அதனால்தான் இதற்கு இத்தனை நாள். கம்பெனிக்கு ஏதோ எழுதுகிறேன் என்று உங்கம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை நீ கட்டாரிலிருந்து பேசும்போது, "கோகிலா அக்கா எப்பிடிப்பா இருக்காங்க?" என்று கேட்டாய். "அவளுக்கென்ன, நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டு, சிக்னல் சரியில்லை என்று போனை வைத்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. என்னிடம் பில் போட்ட கோகிலா வேலையை விட்டுப் போய் இரண்டு மாதமாகிறது. அவளைப் போக வைத்தவன் நான். உன்னிடம் நான் சொன்ன பொய்களில் இதுதான் சின்னது. பெரியதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம். நேராகச் சொல்ல எனக்கு வாய் வராது. உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே எழுதுகிறேன். நீ அதை உன் பக்கமிருந்துதான் பார்த்திருக்கிறாய். என் பக்கம் எவ்வளவு அழுக்கு என்பது உனக்குத் தெரியாது.

பெட்ரோல் வரிசையில் இலங்கையே நின்ற அந்தக் காலத்தில், முதலாளி ஆபீஸைப் பூட்டி, எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள் என்றார். பிலிமத்தலாவை ஆபீஸில் என் கண்ணெதிரே உட்கார்ந்து பில் போட்ட பிள்ளைகள், கம்ப்யூட்டரைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நாவலப்பிட்டிக்கும் கடுகண்ணாவைக்கும் பஸ் ஏறினார்கள். கடைகளுக்குப் போன் பண்ணி ஓடர் எடுப்பது, பில் அடிப்பது, லொறிக்குச் சாமான் விவரம் அனுப்புவது எல்லாம் வீட்டிலிருந்தே நடக்க வேண்டும். எனக்கோ, ஆள் கண்ணுக்கு முன்னால் இல்லாவிட்டால் வேலை நடப்பதாகவே தோன்றாது. ஸ்டோர் ஆளாகச் சேர்ந்து மெனேஜர் கதிரை வரைக்கும் வந்தவன் நான். என் அதிகாரம் முழுக்க நடந்துபோய்ப் பின்னால் நிற்பதில்தான் இருந்தது. இனி யார் பின்னால் போய் நிற்பது?

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். போனில் ஒரு குரூப் தொடங்கி, காலை எட்டு மணிக்குள் எல்லோரும் பேர் போட வேண்டும், பிந்தினால் அரைப் பேர்தான் என்று அறிவித்தேன். தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் பிந்தி வருகிறவளுக்கு அரைச் சம்பளம் எழுதுவார்களே, அந்த அரைப் பேர். ஹந்தானைத் தோட்ட லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, ஆள் நடத்துவதென்றால் தெரிந்த ஒரே வழி அதுதான். என் அம்மா மழையில் கொங்காணியைப் போர்த்திக்கொண்டு பிரட்டுக்களத்தில் நின்றதையும், பத்துப் பேருக்கு முன்னால் கங்காணி அவளை ஏசியதையும், அவள் தலையைக் குனிந்துகொண்டு மலைக்கு ஏறியதையும் பார்த்தவன் நான். அந்த வேதனை எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், அதே பிரட்டைக் கொண்டுவந்து போனுக்குள் வைத்தேன். இந்தத் தடவை கங்காணி நான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது தம்பி. அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

எல்லோரும் எட்டு மணிக்குப் பேர் போட்டார்கள். நான் என்ன சொன்னாலும் "சரி சேர்" என்றார்கள். சரி சேர், சரி சேர், சரி சேர். அதற்கு மேல் ஒரு சொல் வராது. வேலையோ நாறிப்போனது. பில்லில் பிழை, ஒரு கடைக்குப் போக வேண்டிய சாமான் வேறு கடைக்கு, கடைக்காரர்களிடமிருந்து எனக்கு ஏச்சு. இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். வீட்டில் இருந்துகொண்டு சம்பளம் வாங்கினால் இப்படித்தான், எல்லாம் தூங்குகிறதுகள் என்று நான் உங்கம்மாவிடம் கத்துவேன். அதே மூச்சில் உன்னையும் இழுப்பேன். கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்தாய். உன்னை நான் என்ன பேரெல்லாம் சொல்லிக் கூப்பிட்டேன் என்பதை இங்கே எழுத விருப்பமில்லை. உனக்கு மறந்திருக்காது.

பிறகு என் கண்ணில் வெள்ளை விழுந்து, கண்டி ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்தார்கள். போனைப் பார்க்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நான் சொல்லச் சொல்ல நீ தட்டினாய். முதல் நாளே கோகிலாவின் பில் வரவில்லை. "எழுது. நேத்து பில் எங்க? வீட்ல படுத்துத் தூங்குறியா? இன்னிக்கி அரைப் பேருதான்" என்றேன். நீ தட்டும் சத்தம் கேட்டது. நான் சொன்னதைவிட நீளமாகத் தட்டுகிறாயே என்று நினைத்தேன், கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. சரி சேர் இல்லை. ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தாள். நீ வாசித்தாய். அவளுடைய அப்பா ஒரு பக்கம் இழுத்துப் படுத்த படுக்கையாக இருக்கிறார், பார்க்க வேறு ஆளில்லை, அவர் எழும்புவதற்கு முன்னாலும் பகல் சாப்பிட்டுத் தூங்கும்போதும் உட்கார்ந்தால் தன்னால் முழு வேலையையும் முடிக்க முடியும், எட்டு மணிதான் தனக்கு ஆகாத நேரம், கேட்கப் பயமாக இருந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. நான் திடுக்கிட்டுப்போய், "நீ என்னடா எழுதுன அவளுக்கு?" என்றேன்.

நீ வாசித்துக் காட்டினாய். "கோகிலா, நேற்றைய பில் இன்னும் வரவில்லை. அங்கே கரண்ட் இருக்கிறதா? ஏதும் தடங்கல் என்றால் சொல்லுங்கள், நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்." அவ்வளவுதான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எனக்கே ஆள் நடத்தச் சொல்லிக் குடுக்குறியா? மொதல்ல நீ ஒரு வேலையத் தேடு" என்றேன். நீ சத்தம் போடவில்லை. "எழுத்துல கொரலு தெரியாதுப்பா. ஆபீஸ்ல நீங்க ஏசினாலும் பின்னாடியே சிரிப்பீங்க, பிளேன்டீ குடிக்கச் சொல்லுவீங்க. அவங்க ஒங்க மொகத்தப் பார்த்துக்குவாங்க. இதுல மொகம் இல்லையே. ஏச்சு மட்டுந்தான் போய் விழுது" என்றாய். மெனேஜராக இருந்த அத்தனை வருஷத்திலும் எனக்கு யாரும் அப்படி ஒரு பேச்சுச் சொன்னதில்லை. நல்ல பேச்சு என்று அப்போதே தெரிந்தது. ஆனாலும் உன்னிடம் அதைச் சொல்ல நாக்கு எழும்பவில்லை.

அதற்குப் பிறகு நீ என்ன செய்தாய் என்பதை நான் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். எட்டு மணிப் பிரட்டை நிறுத்தினாய். அன்றன்றைக்கு எந்த வேலை முடிய வேண்டும் என்பதை மட்டும் போட்டுவிட்டு, எப்போது உட்கார்வது என்பதை அவரவரிடமே விட்டாய். பிழையைத் தனியாகச் சொன்னாய், நல்லதை எல்லோருக்கும் முன்னால் சொன்னாய். சிங்களப் பிள்ளைகளுக்குச் சிங்களத்திலேயே எழுதினாய். எழுத்தில் விளங்காது என்று தோன்றினால் போன் பண்ணுங்கள் என்று என் கையில் போனைக் கொடுப்பாய். நான் பேசுவதற்கு முன்னால், "அப்பா, மொதல்ல சாப்பிட்டீங்களான்னு கேளுங்க" என்பாய். கண் ஆறுவதற்குள் சரி சேர் காணாமல் போய்விட்டது. அவர்களாகவே கேள்வி கேட்டார்கள், இந்தக் கடைக்காரர் இப்படிச் சொல்கிறார், இப்படிச் செய்து பார்ப்போமா என்றார்கள். சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள் தங்கள் கடை போல நினைத்துச் செய்யத் தொடங்கினார்கள். கோகிலா விடியற்காலையில் உட்கார்ந்து அடிக்கும் பில்லில் பிழை பிடிக்க முதலாளியாலும் முடியவில்லை.

கண் சரியாகிவிட்டது தம்பி. டொக்டர் போனைப் பார்க்கலாம் என்று எப்போதோ சொல்லிவிட்டார். உன்னிடம் நான் அதைச் சொல்லவில்லை. "தண்ணி வருது, நீயே போட்டுரு" என்று சாய்ந்து படுத்துக்கொண்டேன். பிறகு ஆபீஸ் திறந்து, வாரத்தில் இரண்டு நாள் அங்கே, மற்ற நாள் வீட்டில் என்று ஆன பிறகும், அந்த மற்ற நாட்களில் என் பேரில் பேசியது நீதான். அதற்கு உனக்கு ஒரு நல்ல வார்த்தைகூட நான் சொன்னதில்லை. ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்கள். நான் பெற்ற பிள்ளையின் நெய்யையே அப்படி அள்ளி ஊற்றி நல்ல பேர் வாங்கினேன்.

கண்டியில் மண்டபம் எடுத்து முதலாளி விருந்து வைத்தாரே, அன்றைக்கு நடந்ததை நீ மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை. மற்றக் கிளைகளில் ஆள் நிற்காமல் ஓடும்போது எங்கள் மெனேஜரை விட்டு மட்டும் இப்போது ஒருவரும் போவதில்லை, வீட்டிலிருக்கிற ஆளையும் பக்கத்தில் இருக்கிற மாதிரி வைத்துக்கொள்கிற வித்தை இவருக்குத்தான் தெரியும் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அப்போது கோகிலா அப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். என் முன்னால் வந்து, "சேர், அன்னைக்கு கரண்ட் இருக்கான்னு கேட்டீங்களே, நான் அழுதுட்டேன் சேர். வேலை செஞ்ச ஒரு எடத்துலயும் என்கிட்ட யாரும் அப்பிடிக் கேட்டதில்ல" என்றாள். நீ சாப்பாட்டு மேசையருகே தட்டோடு நின்றாய். உன் காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியும். "இதோ நிக்கிறானே, இவன்தான்மா கேட்டான்" என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். சொல்லவில்லை. பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, "அது என் கடமைதானேம்மா" என்றேன். உன் பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் நீ அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு, நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் அடுத்த பாவத்தைச் செய்திருக்க மாட்டேனோ என்னவோ. இதிலும் பார், பழியை உன் மேலேயே போடப் பார்க்கிறேன்.

அடுத்த பாவம் இதுதான். கொஞ்ச நாளில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். எல்லாக் கிளைகளிலும் வீட்டிலிருந்து வேலை செய்கிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அவர்களோடு பேசி, நேரத்தைச் சரிப்படுத்தி, குறைகளைக் கேட்க ஒரு ஆள் என்றார். "ஒங்க மகன் கம்ப்யூட்டர் படிச்சவருதானே மெனேஜர்? சும்மாதானே இருக்காரு, அனுப்புங்களேன். ஒங்க கையில வளர்ந்த புள்ள, ஒங்க பழக்கம் இருக்குந்தானே" என்றார். நான் நாக்கு கூசாமல், "அவனுக்குப் பொறுப்பு பத்தாது முதலாளி, போனை நோண்டிக்கிட்டு இருப்பான். நம்பிக் குடுக்க ஏலாது" என்றேன். நீ அந்தக் கதிரையில் உட்கார்ந்து ஒரு வாரம் எழுதினால் போதும், இது யார் கை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு அந்தப் பயம் இருக்காதா?

அதே வாரம் நீ என்னிடம் வந்து, "முதலாளிக்கிட்ட எனக்கு ஏதாச்சும் எடம் இருக்குமான்னு கேட்டுப் பாருங்களேன்பா" என்றாய். எத்தனையோ நாள் கூச்சப்பட்டு, கடைசியில் கேட்டிருப்பாய். "கேட்டேன், எடமே இல்லைன்னுட்டாரு" என்றேன். நான் கேட்கவில்லை தம்பி. அவர்தான் கேட்டார். இல்லை என்று சொன்னவன் உன் அப்பன்.

நீ கட்டார் வேலைக்கென்று ஏஜென்சிக்குப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தாய். கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் கட்டுநாயக்க விமான நிலைய பஸ்ஸில் ஏறும்போது உங்கம்மா அழுதாள். நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டாய். ஏதாவது கேட்கப் போகிறாய் என்று பயந்தேன். "அப்பா, வியாழக்கிழமை காலைல கோகிலா அக்காவுக்கு மட்டும் ஒண்ணும் போடாதீங்க. அன்னைக்குத்தான் அவங்க அப்பாவ கிளினிக் கூட்டிட்டுப் போவாங்க. பகல் சாப்பாட்டுக்கு அப்புறம் அவங்களாவே முடிச்சிருவாங்க" என்றாய். பாலைவனத்துக்குப் போகிற பிள்ளை சொல்லிவிட்டுப் போன கடைசிப் பேச்சு அது. உனக்காக நீ ஒன்றும் கேட்கவில்லை.

அதையும் நான் காப்பாற்றவில்லை. நீ போன பிறகு நானே தட்டத் தொடங்கினேன். கொஞ்ச நாள் நீ எழுதியதைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். வார்த்தை வந்தது, பொறுமை வரவில்லை. ஒரு வியாழக்கிழமை அவசர பில் ஒன்று, கடைக்காரர் கத்துகிறார், கோகிலா போனை எடுக்கவில்லை. கிழமை என்ன என்று யோசிக்கவே இல்லை. எழுத நேரமில்லாமல் குரூப்பில் குரலாகவே போட்டேன். வீட்டில் இருந்துகொண்டு ஏமாற்றுகிறவர்களுக்கு இனி அரைப் பேர்தான், நோயாளியைச் சாட்டு வைத்துத் தப்பிக்க முடியாது என்று. எல்லோரும் கேட்டார்கள். பகல் சாப்பாட்டுக்கு அப்புறம் அவள் பில்லை அனுப்பினாள். பிறகு எனக்குப் போன் பண்ணினாள். "சேர், இத்தனை நாளா என்கூட பேசின ஆளு நீங்கதானா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். "நான்தான்மா" என்றேன். மறுநாள் வேலையை விடுவதாக எழுதி அனுப்பினாள். குரூப்பில் மறுபடியும் சரி சேர், சரி சேர்.

இதற்கிடையில் உங்கம்மா ஒவ்வொரு நாளும் முதலாளியைச் சபிக்கிறாள். "இத்தனை வருசம் ஒழைச்ச மனுசனோட புள்ளைக்கி ஒரு மூலையில எடம் குடுக்க மனசு வரலியே, அவரு நல்லா இருப்பாரா?" என்பாள். தீபாவளிக்கு அவர் அனுப்பிய பலகாரப் பெட்டியைத் திறக்காமலே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். குற்றமில்லாத ஒரு மனுஷன் என் வீட்டில் சாபம் வாங்குகிறார். நான் அதைக் கேட்டுக்கொண்டு சோறு சாப்பிடுகிறேன்.

போனில் நீ கோகிலாவைப் பற்றிக் கேட்டாயே, அதற்குப் பிறகு சோறும் இறங்கவில்லை. திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டார். மற்றக் கிளை மெனேஜர்களைக் கூட்டி, ஆட்களை எப்படி அரவணைப்பது என்று நான் பாடம் சொல்ல வேண்டுமாம். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கண் வெட்டியதிலிருந்து, உன்னைப் பற்றிச் சொன்ன பொய் வரைக்கும். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப நான் இவ்வளவு நாளும் மெச்சினது ஒங்க மகனைத்தானா?" என்றார். ஆமாம் என்றேன். "அவரு கேட்டும் நான் இல்லைன்னேன்னு ஒங்க வீட்ல நினைச்சுக்கிட்டு இருக்காங்களா?" என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். அவர் ஏசவில்லை. "நீங்க போயிட்டு வாங்க" என்றார். என்னோடு அவர் பேசுவதில் அன்றிலிருந்து ஏதோ ஒன்று குறைந்துவிட்டது. அது நியாயம்தான்.

நேற்று நாவலப்பிட்டிக்கு, கோகிலா வீட்டுக்குப் போனேன். கோகிலா வாசலில் நிற்க வைத்தே பேசுவாள் என்று நினைத்தேன், உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டாள். அவள் அப்பா கட்டிலிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு முன்னால்தான் மன்னிப்புக் கேட்டேன். அவரைச் சாட்டு என்றவன் நான்தானே. எழுதியது நீ என்று சொன்னேன். அவள் முகம் மாறியது. "அப்ப அந்தத் தம்பிக்கு நான் ஒரு நன்றிகூட சொல்லலையே சேர்" என்றாள். வேலைக்குத் திரும்பி வரச் சொன்னேன். "யோசிக்கிறேன்" என்றாள். வருவாளா என்று தெரியாது. அவள் வராவிட்டால் அதைக் கேட்கும் உரிமை எனக்கில்லை.

முதலாளி இன்று உன் நம்பரைக் கேட்டார். அந்த இடத்துக்கு வெளியிலிருந்து எடுத்த ஆள் நிலைக்கவில்லை, இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்றார். உன்னைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன் என்றேன். ஒருமுறை உன்னைக் கேட்காமல் உனக்காகப் பதில் சொன்னது போதும். வருகிறாயா, அங்கேயே இருக்கிறாயா, நீயே தீர்மானி. வந்தால் அப்பாவுக்காக என்று வராதே. இப்படிப்பட்டவனோடு என்னால் வேலை செய்ய முடியாது என்று உனக்குத் தோன்றினால், நான் வேலையை விடுகிறேன். முதலாளியிடம் அதையும் சொல்லிவிட்டேன்.

உங்கம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் சமையலறையில் இருக்கிறாள். இதை அனுப்பியதும் எழுந்துபோய் அவள் முன்னால் உட்கார்ந்து சொல்லப் போகிறேன். அவள் அழுவாள், என்னை ஏசுவாள், பிறகு உனக்குப் போன் பண்ணுவாள். அப்போது அப்பா பாவம் என்று எனக்காகப் பரிந்து ஒரு வார்த்தையும் சொல்லாதே தம்பி. எனக்காக நீ பேசியதெல்லாம் போதும்.

அப்பா